விலாசம் யாருடையது?

வணிகஞ் செய்வோருக்குக் கைம்முதல் எத்துணை இன்றியமையாததோ, கடிதத் தொடர்பும் அத்துணை இன்றியமையாதது. சரக்கு எப்பொழுது கப்பலேறும், விலை யாது, பணம் எந்த வங்கிக்குச் சேரவேண்டும், குறை நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்பனவெல்லாம் எழுத்தில் நின்றாலன்றி நிலைபெறா. ஆதலினாலேதான் முற்காலத்து வணிகர் பணப்பெட்டியைப் பேணியவாறே கடிதக் கட்டுகளையும் பேணினர். இக்காலத்துக் கடிதமோ தாளை விட்டு மின்னஞ்சலாகிவிட்டது. கட்டி வைக்கப் பெட்டியும் இல்லை. பூட்டி வைக்கப் பூட்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்தக் கடிதங்களை ஒரு நிறுவனம் எவ்வாறு தன்னுடையனவாக வைத்துக்கொள்வது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

கொழும்புத் துறைமுகத்தை ஒட்டி அமைந்திருப்பது கொச்சிக்கடை. புனித அந்தோனியார் திருத்தலமும், கருங்கல்லாற் கட்டப்பெற்ற பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் அங்கு வருவோரைத் தம்பால் ஈர்க்கின்றன. சற்று அப்பால் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெரு. இப்பகுதியின் வீதிகளிலே மொத்த வியாபாரிகளும், இறக்குமதியாளரும், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் முகவரும் நெருங்கி அமர்ந்து தொழில் புரிகின்றனர். ஐந்தாறு பேர் முதல் பத்துப் பன்னிரண்டு பேர்வரை பணிபுரியும் சிறு நிலையங்களே இவற்றுட் பல. இத்தகைய சிறு நிலையத்துக்குத்தான் மேற்சொன்ன வினா பெரிதும் உரியது.

இவ்வினாவுக்கு விடை தேடுவோருக்குச் செட்டியார் தெருவின் பழைய வரலாறே ஒரு வழியைக் காட்டுகின்றது. அங்கு வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரிடையே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு 'விலாசம்' இருந்தது. முதலாளியின் குடும்பத்தார் பெயர்களின் முன்னெழுத்துகளைக் கோத்து அமைத்த அடையாளமே அந்த விலாசம். முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். கடல் கடந்த கடையை நடத்துவதற்கு மேலாள் ஒருவர் மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். அவருக்கு உதவியாக அடுத்தாளும், தொழில் பழகும் பெட்டியடிப் பையனும் இருப்பர். தவணை முடிந்ததும் மேலாள் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்புவார். வேறொருவர் வந்து அதே திண்ணையில் அமர்வார். ஆள் மாறினாலும் விலாசம் மாறாது. பேரேடும் கடிதமும் பற்றுவரவும் விலாசத்துக்கே உரியன. அவற்றை எழுதியவருக்கு உரியன அல்ல. இந்த ஒழுங்கு இருந்தமையாலேயே கடலுக்கு அப்பாலிருந்தும் தொழிலை நடத்த முடிந்தது.

இன்றைய சிறு நிலையங்கள் பலவற்றிலே இந்த ஒழுங்கு நெகிழ்ந்திருப்பதைக் காணலாம். கடைக்கென ஒரு மின்னஞ்சல் வேண்டும் என்ற தேவை எழுந்ததும், எழுதுவினைஞர் ஒருவர் தமது பெயரில் இலவசமாக ஒரு முகவரியைத் திறந்துவிடுகிறார். வெளிநாட்டு வழங்குநரின் விலைப்பட்டியல் அந்த முகவரிக்கு வருகிறது. வங்கியின் அறிவித்தல் முதலாளியின் மகனுடைய முகவரிக்கு வருகிறது. சுங்கப் பத்திரத்தின் படம் வேறொருவரின் கைத்தொலைபேசியிலே வட்ஸ்அப்பில் கிடக்கிறது. எல்லோரும் ஒரே அறையில் இருக்கும்வரை குறை தெரிவதில்லை. எழுதுவினைஞர் வெளிநாடு சென்றுவிட்டால், அல்லது தொலைபேசி தொலைந்துவிட்டால், பல்லாண்டுக் கடிதங்கள் ஒரு நாளில் இல்லாமற் போகின்றன. சரக்கு துறைமுகத்திற் கிடக்க, அதற்குரிய பத்திரத்தைத் தேடுவதிலே நாட்கள் கழியும். தாமதக் கட்டணமோ நாளுக்கு நாள் ஏறும்.

2020 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டபோது இக்குறை நன்கு புலப்பட்டது. அலுவலகக் கணனியின் வயிற்றுக்குள்ளே கோப்புகளைப் பூட்டி வைத்திருந்தோர் வீட்டிலிருந்து ஒன்றும் செய்ய இயலாது திகைத்தனர். கடிதமும் கணக்கும் எங்கிருந்தும் எட்டக்கூடிய இடத்தில் இருந்தோர், ஓரளவாயினும் தொழிலை நடத்தினர்.

ஆகவே, தன் பெயரில் மின்னஞ்சலும், குழுவினர் அனைவரும் சேர்ந்து பயன்படுத்தும் கருவிகளும் அமைக்க விரும்பும் நிலையம் எதுவாயினும் மூன்று வினாக்களுக்கு முதலில் விடை காணவேண்டும். பெயர் யாருடையது? திறவுகோல் யாரிடம்? பிரதி எங்கே? இம்மூன்றும் தெளிவானால் எஞ்சியவை எளியன.

முதலாவது பெயர். மின்னஞ்சல் முகவரி இரு கூறுகளை உடையது. நடுவிலே நிற்கும் 'அட்' என்னும் குறிக்கு முன்னுள்ள பகுதி ஆளைக் குறிக்கும். பின்னுள்ள பகுதி அவர் இருக்கும் இடத்தைக் குறிக்கும். 1971 ஆம் ஆண்டிலே அமெரிக்கப் பொறியியலாளர் ரே டொம்லின்சன் என்பார் ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனிக்குச் செய்தி அனுப்பியபோது இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு இக்குறியைத் தேர்ந்தெடுத்தார். அது இன்றளவும் வழங்குகிறது. குறிக்குப் பின்னுள்ள பகுதியை ஆள்களப் பெயர் என்பர். நகரத்தாரின் விலாசத்துக்கு நிகரானது இதுவே.

இலவச முகவரியில் இப்பகுதி கூகிளுடையதாகவோ யாஹூவுடையதாகவோ இருக்கும். அஃது ஒருவர் தம் கடைக்குப் பிறருடைய பெயர்ப்பலகையை மாட்டியது போலாகும். சொந்த ஆள்களப் பெயர் வேண்டுவோர் அதனைப் பதிவு செய்து ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தவேண்டும். இலங்கைக்குரிய 'எல்.கே.' என்னும் ஈறு 1990 ஆம் ஆண்டு வழங்கப்பெற்றது. எல்.கே. ஆள்களப் பதிவகம் அதனை நிருவகிக்கிறது. 2010 ஆம் ஆண்டிலே தமிழெழுத்தால் அமைந்த '.இலங்கை' என்னும் ஈறும், சிங்கள எழுத்தால் அமைந்த ஈறும் நடைமுறைக்கு வந்தன. தமிழ்ப் பெயரைப் பதிந்து வைப்பது பெருமைக்குரியதே. ஆயினும் தமிழெழுத்து முகவரியை ஏற்காத மின்னஞ்சல் அமைப்புகள் உலகில் இன்னும் உளவாதலின், வெளிநாட்டு வணிகத்துக்கு ஆங்கில எழுத்தாலமைந்த பெயரும் உடனிருத்தல் நன்று.

இங்கேதான் முதற் பிழை நேர்வது வழக்கம். பெயரைப் பதிந்து தருவதற்குக் கணனித் தொழிலறிந்த ஒருவர் அழைக்கப்படுகிறார். அவர் தமது பெயரிலே, தமது மின்னஞ்சலைக் கொடுத்து, தமது அட்டையால் பணம் கட்டிப் பதிந்துவிடுகிறார். தீய நோக்கம் சிறிதும் இல்லாமலே இவ்வாறு நிகழலாம். ஆயினும் பதிவேட்டின்படி அந்தப் பெயர் அவருடையது. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் தொழிலை விட்டுப்போனால் புதுப்பித்தற் கடிதம் யாரும் பாராத பெட்டிக்குச் செல்லும். தவணை தப்பிய பெயரை வேறெவரும் வாங்கலாம். அவ்வாறு வாங்கியவருக்குக் கடையின் கடிதங்களெல்லாம் போய்ச் சேரும். ஆகவே பதிவு நிறுவனத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். தொடர்புக்குக் கொடுக்கும் முகவரி, அந்த ஆள்களப் பெயரையே சாராத வேறொரு முகவரியாக இருத்தல் வேண்டும். புதுப்பிக்க வேண்டிய நாள் முதலாளியின் நாட்குறிப்பிலும் கணக்காளரின் நாட்குறிப்பிலும் எழுதப்பெற்றிருத்தல் வேண்டும்.

பெயர் கிடைத்தபின், அந்தப் பெயருக்கு வரும் கடிதங்களைப் பெற்றுவைக்க ஓர் இடம் தேவை. சொந்தக் கணனியை அல்லும் பகலும் இயக்கி இப்பணியைச் செய்வது சிறு நிலையத்துக்கு இயலாத காரியம். ஆதலின் பெருநிறுவனங்கள் நடத்தும் கணனி நிலையங்களில் இடத்தை வாடகைக்குப் பெறுகின்றனர். இதையே முகில் என்று அழைக்கின்றனர். வானத்து முகிலுக்கும் இதற்கும் தொடர்பு யாதும் இல்லை. இது பிறர் ஊரிலே பிறர் கட்டடத்திலே நிற்கும் கணனிதான். கடலடி வடத்தின் வழியாக அதனை அடைகின்றோர் அதன் இருப்பிடத்தை அறியத் தேவையில்லை என்பதனாலேயே அப்பெயர் அமைந்தது. 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள் பாணந்துறை மின் உபநிலையத்திலே குரங்கு ஒன்று புகுந்ததால் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. அன்று இங்கே விளக்கணைந்திருந்தபோதும், வெளிநாட்டுக் கணனி நிலையங்களில் இருந்த கடிதப்பெட்டிகள் தமக்கு வந்த கடிதங்களை ஏற்றுக்கொண்டே இருந்தன. முகிலின் நன்மைக்கு இஃதொரு சான்று.

இச்சேவையை வழங்குவோர் பலர். கூகிள் நிறுவனம் பிறருடைய ஆள்களப் பெயருக்கு மின்னஞ்சல் வழங்கும் சேவையை 2006 ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் இன்றைய பெயர் கூகிள் வேர்க்ஸ்பேஸ். மைக்ரோசொப்ட் நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் தொடங்கிய சேவை இப்பொழுது மைக்ரோசொப்ட் 365 எனப்படுகிறது. தமிழகத்திலே சென்னையையும் தென்காசியையும் தளமாகக் கொண்டு ஸ்ரீதர் வேம்பு முதலியோர் வளர்த்த சோஹோ நிறுவனமும் 2008 ஆம் ஆண்டு முதல் மின்னஞ்சல் சேவை வழங்கி வருகின்றது. கடிதப்பெட்டியுடன் நாட்காட்டி, ஆவணம் எழுதும் கருவி, கணக்கு அட்டவணை, கோப்புகளை வைக்கும் களஞ்சியம், முகம் பார்த்து உரையாடும் வசதி ஆகியனவும் இவற்றில் அடங்கும். ஒரே விலைப்பட்டியலைக் கடையில் ஒருவரும், துறைமுகத்தில் ஒருவரும், வீட்டிலிருந்து ஒருவரும் ஒரே நேரத்தில் திருத்தலாம். எது கடைசிப் பிரதி என்ற குழப்பம் அதனால் ஒழிகிறது.

வாடகை ஆளொன்றுக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கிடப்படும். பெரும்பாலும் டொலரிலேயே விலை கூறப்படும். இதிலொரு முன்னெச்சரிக்கை வேண்டும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், சில மாதங்களுக்குள் 360 ரூபாயளவை எட்டியதை இந்நாட்டு வணிகர் மறந்திரார். மாற்றம் யாதும் இல்லாத ஒரு சேவைக்கு அவ்வாண்டிலே ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு ரூபாய் கொடுக்க நேர்ந்தது. ஆகவே எட்டுப் பேருக்கு எட்டுப் பெட்டி எனத் தேவைக்கேற்ப அளந்து வாங்குவதும், கட்டணம் செலுத்தும் அட்டை காலாவதியாகும் நாளைக் கவனித்திருப்பதும் அவசியம். அட்டை தவறினாற் சேவை நிற்கும். சேவை நின்றாற் கடிதமும் நிற்கும்.

இனி, பெயரையும் இடத்தையும் இணைப்பது எவ்வாறு? தபாற் கந்தோரிலே, 'இந்தப் பெயருக்கு வருவனவற்றை இன்ன கட்டடத்துக்கு அனுப்புக' என்று எழுதி வைப்பது போன்றது அது. ஆள்களப் பெயருக்கென இணையத்தில் ஒரு குறிப்பேடு உண்டு. அக்குறிப்பேட்டில் எம்.எக்ஸ். என்னும் வரியிலே சேவை நிலையத்தின் பெயரை எழுதியவுடன், உலகின் எந்தக் கணனியும் கடிதத்தை எங்கே கொண்டுசேர்ப்பது என்பதை அறிந்துகொள்ளும். மாற்றம் எங்கும் பரவுவதற்குச் சில மணி நேரம் முதல் இரண்டொரு நாள்வரை செல்லலாம். ஆதலால் முதலிற் புதிய பெட்டிகளைத் திறந்து, பழைய கடிதங்களைப் பிரதி செய்து, பின்னர் வார இறுதியில் வரியை மாற்றுவதே முறை. பழைய பெட்டியை உடனே மூடிவிடலாகாது. பழைய முகவரிக்கே எழுதிப் பழகிய வாடிக்கையாளருக்காக அதனைச் சில மாதமாவது திறந்து வைத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது வினா திறவுகோல் பற்றியது. எல்லோருக்கும் ஒரே பெட்டி, ஒரே கடவுச்சொல் என்று சில இடங்களில் வைத்திருக்கின்றனர். எளிதாகத் தோன்றினும் இது தீங்கானது. யார் எழுதினார், யார் அழித்தார் என்பது தெரியாது. ஒருவர் வேலையைவிட்டு நின்றால் எல்லோரும் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். ஒவ்வொருவருக்கும் தனிப்பெட்டியும், கடைக்குப் பொதுவாகச் சில முகவரிகளும் இருப்பதே தகுந்த ஏற்பாடு. விற்பனைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று எனப் பொது முகவரி அமைத்தால், அதற்கு வரும் கடிதம் உரிய இருவர் மூவருக்கும் கிடைக்கும். வெளியாருக்கு அறிவிப்பது பொது முகவரியாக இருக்கட்டும். அப்பொழுது கணக்காளர் மாறினாலும் கணக்கு முகவரி மாறாது. மேலாள் மாறினும் விலாசம் மாறாத பழைய வழக்கம் இதுவே.

எல்லாப் பெட்டிகளையும் திறக்கவும் மூடவும் வல்ல தலைத் திறவுகோல் ஒன்று உண்டு. அதனை உடையவர் நிருவாகி எனப்படுவர். நிருவாகி ஒருவராக மட்டும் இருந்தால், அவர் நோயுற்றாலும் கடவுச்சொல்லை மறந்தாலும் கடை முழுவதும் வெளியே நிற்கவேண்டியதாகும். ஆகவே நம்பிக்கைக்குரிய இருவர் இருத்தல் நன்று. இருவருக்கு மேல் வேண்டியதில்லை. நிருவாகியின் திறவுகோலை நாளாந்தக் கடிதம் எழுதுவதற்குப் பயன்படுத்தாது தனியே வைத்தலும் நன்று. அனைவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்படல் வேண்டும். கடவுச்சொல்லுக்கு மேலாக, கைத்தொலைபேசியில் தோன்றும் ஓர் இலக்கத்தையோ ஒப்புதலையோ கேட்பது அந்தமுறை. கடவுச்சொல் களவுபோனாலும் கள்வன் வாசலிலேயே நின்றுவிட இது பெரிதும் உதவும். தொலைபேசி தொலைந்தாற் பயன்படுத்துவதற்கெனத் தரப்படும் மாற்று இலக்கங்களைத் தாளில் எழுதிப் பணப்பெட்டியிற் பூட்டிவைக்க வேண்டும்.

கோப்புகளின் உரிமையும் கவனிக்கத்தக்கது. ஒருவர் தமது களஞ்சியத்தில் உண்டாக்கிய கோப்பு அவருடையதாகவே கணிக்கப்படும். மற்றவர்க்குக் காட்டியதனால் மட்டும் அது கடையினுடையதாகிவிடாது. கூகிள் சேவையிலே பொதுக் களஞ்சியம் என்றும், மைக்ரோசொப்ட் சேவையிலே ஷெயார்பொயின்ட் என்றும் நிறுவனத்துக்கே உரிய இடங்கள் உள்ளன. அவை எல்லா வாடகைத் திட்டங்களிலும் அடங்குமோ என்பதைக் கேட்டறிந்து வாங்கவேண்டும். விலைப்பட்டியல், கப்பற் பத்திரம், வங்கிக் கடிதம் முதலியன அங்கேயே இருத்தல் வேண்டும். ஊழியர் ஒருவர் விலகும்போது, முதலில் அவருடைய திறவுகோலை மாற்றிப் பெட்டியை நிறுத்திவைத்து, கடிதங்களையும் கோப்புகளையும் வேறொருவர் பொறுப்பில் ஒப்படைத்த பின்னரே கணக்கை நீக்கவேண்டும். அவசரப்பட்டு நீக்கிவிட்டால், கூகிள் சேவையில் 20 நாட்களுக்குள்ளும், மைக்ரோசொப்ட் சேவையில் 30 நாட்களுக்குள்ளும் மீட்கலாம். அதன்பின் மீட்பது அரிது.

திறவுகோலைக் காத்தாற் போதாது; விலாசத்தின் பெயரால் பிறர் பொய்க்கடிதம் எழுதாமலும் காக்க வேண்டும். மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் விதிமுறை 1982 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டபோது, இணையத்திலிருந்தோர் சிலரே; ஒருவரையொருவர் நம்பினர். தபாலுறையின் பின்புறத்தில் எவரும் எந்தப் பெயரையும் எழுதலாம் என்பதுபோல, மின்னஞ்சலிலும் அனுப்புநர் பெயரை எவரும் எவ்வாறும் எழுதலாம் என்றே அது அமைந்தது. இக்குறையை நீக்கப் பின்னர் மூன்று காப்புகள் வகுக்கப்பட்டன. எஸ்.பி.எப். என்பது, எந்த நிலையங்கள் இந்த விலாசத்தின் பெயரால் கடிதம் அனுப்பலாம் என்ற பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது, ஒவ்வொரு கடிதத்திலும் இடப்படும் மறைமுத்திரை. டிமார்க் என்பது, பட்டியலிலும் முத்திரையிலும் தேறாத கடிதத்தை ஏற்பதா, ஒதுக்கி வைப்பதா, மறுப்பதா எனப் பெறுநருக்குக் கூறும் கட்டளை. மூன்றும் ஆள்களப் பெயரின் குறிப்பேட்டில் எழுதப்படும் சில வரிகளே. 2024 ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் இக்காப்புகளை வற்புறுத்தத் தொடங்கின. இவை இல்லாத கடையின் உண்மைக் கடிதமும் குப்பைக் கூடையிற் சேர நேரலாம்.

பொய்க்கடிதத்தின் கேடு கற்பனையன்று. அமெரிக்கக் கூட்டுப் புலனாய்வுப் பணியகத்துக்கு 2023 ஆம் ஆண்டில் வந்த முறைப்பாடுகளின்படி, வணிக மின்னஞ்சல் மோசடியால் இழக்கப்பட்ட தொகை ஏறத்தாழ 290 கோடி டொலர். வழங்குநர் எழுதுவது போலவே, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது; இனிப் புதிய கணக்குக்குப் பணம் அனுப்புக' என்று ஒரு கடிதம் வரும். அதை நம்பியவர் அனுப்பிய பணம் கள்வனைச் சேரும். 2016 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பங்களாதேஷ் மத்திய வங்கியின் பணம் களவாடப்பட்ட நிகழ்ச்சி கொழும்பையும் தொட்டது. வேலை கேட்டு எழுதிய விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்களின் வழியாகவே கள்வர் அந்த வங்கியின் கணனிகளுக்குட் புகுந்தனர் என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2018 ஆம் ஆண்டிற் குற்றஞ்சாட்டியது. 8 கோடியே 10 இலட்சம் டொலர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்குச் சென்றது. இலங்கையிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலரோ, அவ்வமைப்பின் பெயரில் இருந்த எழுத்துப் பிழையால் ஐயம் எழுந்து தடுக்கப்பட்டது. ஓர் எழுத்தை உற்று நோக்கியமையால் 2 கோடி டொலர் தப்பியது. வங்கிக் கணக்கு மாறியதாகக் கடிதம் வந்தால், அக்கடிதத்திற் கண்ட இலக்கத்தை விடுத்து, முன்னரே அறிந்த தொலைபேசி இலக்கத்திற் பேசி உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்புதல் வேண்டும் என்பதைக் கடையின் சட்டமாக்கல் நன்று.

மூன்றாவது வினா பிரதி. பெருநிறுவனத்தின் முகிலில் இருப்பதால் எல்லாம் பத்திரமாயிருக்கும் என்று எண்ணுவோர் பலர். கணனி பழுதடைவதால் கடிதம் தொலையாமல் அந்நிறுவனங்கள் காக்கின்றன என்பது உண்மையே. ஆனால் ஊழியர் ஒருவர் தவறுதலாகவோ வேண்டுமென்றோ அழித்ததை அவை என்றென்றும் வைத்திரா. ஜீமெயிலின் குப்பைக் கூடையிலே போட்ட கடிதம் 30 நாட்களில் தானே மறையும். உரியவரின் கடவுச்சொல்லால் உட்புகுந்து அழிப்பவனை, உரியவரே அழிக்கிறார் என்றுதான் கணனி கருதும்.

தனிப்பிரதி இல்லாமையின் விளைவை இந்நாட்டின் அரசாங்கமே அனுபவித்திருக்கிறது. இலங்கை அரசாங்க முகில் என்னும் அமைப்பிலே 'கவ்.எல்.கே.' என முடியும் அரசாங்க மின்னஞ்சல் முகவரிகள் வைக்கப்பட்டிருந்தன. தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அதனை நடத்திவந்தது. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியிலே கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று அவ்வமைப்பைத் தாக்கியது. கோப்புகளை எவரும் வாசிக்க இயலாதவாறு மறைகுறியாக மாற்றிவிட்டு, மீட்டுத்தரப் பணம் கேட்பதே இத்தகைய தீநிரலின் இயல்பு. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அவற்றுள் அடங்கின. அமைப்பு சில மணி நேரத்துள் மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. ஆயினும் 2023 மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதப் போக்குவரத்து, இருந்த சுவடின்றி மறைந்தது.

இதற்குக் காரணங்கள் பின்னர் வெளிப்படையாகக் கூறப்பட்டன. பிரதிகள் எடுக்கப்படாமல் இல்லை. ஆனால் அவை அதே வலையமைப்போடு இணைந்தே இருந்தன. ஆகவே மூலத்தைத் தாக்கிய தீநிரல் பிரதியையும் தாக்கிற்று. அக்காலப் பகுதிக்கு வலையமைப்பிலிருந்து பிரித்து வைத்த பிரதி இருக்கவில்லை. மேலும், அங்கு இயங்கியது எக்ஸ்சேஞ்ச் என்னும் மென்பொருளின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்பு. மைக்ரோசொப்ட் நிறுவனம் அப்பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2023 ஏப்ரல் 11 ஆம் நாளுடன் நிறுத்திவிட்டது. புதுப்பிக்கும் எண்ணம் 2021 ஆம் ஆண்டு முதல் இருந்தபோதிலும், நிதி நெருக்கடி முதலிய காரணங்களால் அது தாமதமாயிற்று என்று நிலையம் தெரிவித்தது. தாக்குதலுக்குப் பின்னர் நாள்தோறும் வலையமைப்பைச் சாராத பிரதி எடுக்கவும், மென்பொருளைப் புதுப்பிக்கவும் நடவடிக்கை எடுக்கப்பட்டது.

அறிஞரும் பொறியியலாளரும் நிறைந்த ஓர் அமைப்புக்கு நேர்ந்தது, கொச்சிக்கடையில் எட்டுப் பேர் பணிபுரியும் கடைக்கு நேராது என்று சொல்ல முடியாது. ஆனால் சிறு கடைக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அதன் கடிதங்கள் யாவும் பெரும்பாலும் ஒரு சிறு வன்தட்டில் அடங்கிவிடும். மாதம் ஒருமுறையேனும் எல்லாப் பெட்டிகளையும் பொதுக் களஞ்சியத்தையும் அவ்வன்தட்டுக்குப் பிரதி செய்து, கணனியிலிருந்து கழற்றி, கடைக்கு வெளியே வேறொரு கட்டடத்திற் பூட்டி வைத்தாற் போதும். கழற்றி வைத்த தட்டை எந்தத் தீநிரலும் தொடாது. ஆண்டுக்கு இருமுறையாவது அப்பிரதியிலிருந்து ஒரு கடிதத்தையும் ஒரு கோப்பையும் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதியை நம்புவது, எண்ணிப் பாராத பணத்தை நம்புவது போன்றது.

இவற்றுக்குச் சட்டத்தின் தொடர்பும் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் மின்னஞ்சலுக்கும் மின்னாவணத்துக்கும் சட்ட ஏற்பு வழங்கியது. ஆகவே வழக்கு மூண்டால் மின்னஞ்சலும் சான்றாக நிற்கும். அதைக் காட்ட முடியாதவர் சான்றின்றி நிற்பார். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, வாடிக்கையாளர் பற்றிய விவரங்களைக் காக்கும் பொறுப்பை அவற்றை வைத்திருப்போர் மீது சுமத்தும் வகையில் இயற்றப்பட்டது. அடையாள அட்டையின் படத்தையும் கடவுச்சீட்டின் படத்தையும் எழுதுவினைஞரின் சொந்தத் தொலைபேசியில் விட்டுவைக்கும் வழக்கம் இனி விலக்கப்படவேண்டியது.

இத்தனை கூறியும், கருவிகளை அமைப்பது இரண்டொரு நாள் வேலைதான். பெயர் பதிதல், வாடகை செலுத்தல், வரி எழுதுதல், பெட்டி திறத்தல் ஆகிய யாவும் தொழிலறிந்தவர் துணையுடன் ஒரு வார இறுதிக்குள் முடியும். அவை முடிந்தபின் ஊழியரை ஒருங்கே இருத்தி, எந்தக் கடிதம் எந்த முகவரியிலிருந்து போகவேண்டும், எந்தக் கோப்பு எங்கே இருக்கவேண்டும், ஐயத்துக்குரிய கடிதம் வந்தால் யாரிடம் கூறவேண்டும் என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி விளக்குவதற்கு மேலும் அரை நாள் ஆகலாம். அந்த அரை நாளைச் செலவிடாத இடங்களில், புதிய பெட்டிகள் வெறுமையாகக் கிடக்க, வேலை பழையபடி சொந்தத் தொலைபேசிகளிலேயே நடக்கும்.

பழைய கடைகளிலே தவணை முடிந்து புறப்படும் மேலாள், பேரேட்டையும் கடிதக் கட்டையும் திறவுகோற் கொத்தையும் புதியவர் கையிலே ஒப்புவித்த பின்னரே கப்பலேறுவார். இன்றும் ஒரு நிலையத்தின் ஏற்பாடு சரியானதா என்று அறிய அதே சோதனை போதும். இருப்பவர்களுள் எவரேனும் நாளைக் காலை வராமற்போனால், அன்று பிற்பகல் அவருடைய கடிதத்துக்கு வேறொருவர் மறுமொழி எழுத முடியுமா? முடியுமானால் விலாசம் அந்தக் கடையுடையது. முடியாதாயின், அதைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் வேலையை அக்கடை அந்த வார இறுதியிலேயே தொடங்குவது நலம்.